அம்மாவோடு பாய்மரப் படகில் ஏழு நாள்: கரீபியன் கடல் பயண அனுபவம்

திருமருகல் கடைமடை எழுதியது:

போன சித்திரையில் குடும்பத்தோடு கரீபியன் கடலில் ஏழு நாள் பாய்மரப் படகில் இருந்தோம். ஊருக்குத் திரும்பியதிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அவ்வளவு தூரம் போய்க் கடலைத்தானா பார்க்கணும்?" அதற்குப் பதிலாக நினைத்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன இடம் குவாதலூப். பிரான்ஸைச் சேர்ந்த தீவு. அக்கா வீட்டுக்காரருக்குக் காரைக்கால். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பம் அவர்களுடையது. இப்போது பாரிஸுக்கு வெளியே இருக்கிறார்கள். மாமாவோடு வேலை செய்யும் ஒருவர் குவாதலூப்காரர். பெயர் "சாமி" என்று முடிகிறது, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. தன் முன்னோர் காரைக்காலில் கப்பல் ஏறியவர்கள் என்று மட்டும் தெரியுமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து மாமாவுக்கு அந்தத் தீவின் மேல் ஒரு பிடிப்பு.

நான், மனைவி, மகள் (13), மகன் (8), அம்மா (68), அக்கா, மாமா. ஏழு பேருக்கும் சேர்த்து இரட்டை உடல் படகு ஒன்று வாடகைக்கு எடுத்தோம். கட்டுமரம் என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது, தெரிந்திருக்கும். நான்கு அறை. மாலுமிக்கு அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், தனியாக ஒரு சின்ன அறை. மாலுமி இல்லாமல் படகை மட்டும் எடுப்பதானால் ஓட்டிய அனுபவத்தைக் காட்ட வேண்டும். எங்களில் யாருக்கும் அது கிடையாது. ஆகவே நாள் கூலிக்கு மாலுமி, அவருக்குச் சாப்பாடும் நாங்களே.

புவாந்தாபீத்ர் துறையிலிருந்து தெற்கே லே செந்த் என்னும் சின்னத் தீவுக்கூட்டம், சுமார் 20 கடல் மைல். அங்கே மூன்று இரவு. பிறகு கிழக்கே மரி கலாந்த் தீவு, இரண்டு இரவு. அப்புறம் திரும்பிவிட்டோம். அவ்வளவுதான் எங்கள் பாதை. தினம் ஒரு தீவு என்று ஓடுகிறவர்கள் உண்டு. குழந்தையும் வயதானவரும் இருந்தால் அப்படிப் போகாதீர்கள். கண்ணுக்குக் கடல் பழக இரண்டு நாள் வேண்டும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பயணத்தைச் சொன்னதாகாது. சித்தி வீடு நாகப்பட்டினம் கரையோரம். 2004 டிசம்பர் 26 காலை சித்தியைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அம்மா கடலைப் பார்க்கவில்லை. வேளாங்கண்ணிக்குப் போனால்கூட மாதா கோயிலோடு சரி, கரைக்கு வரமாட்டார். அக்கா கெஞ்சிக் கூப்பிட்டதால் பாரிஸ் வரை வந்தார். "நீங்க படகுல போங்க, நான் அங்க கரையில எங்கயாவது ரூம்ல இருக்கேன்" என்பதுதான் பேச்சு.

முதல் நாள் படகில் ஏறியவர் நடுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு வாயில், கண் மூடிய மாதிரி. துறைமுகம் தாண்டியதும் மாலுமி பாயை ஏற்றி எஞ்சினை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்ற நிமிஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காற்றும், படகின் அடியில் தண்ணீர் சலசலக்கிற ஓசையும் மட்டும். அம்மா கண்ணைத் திறந்து, "மடை திறந்த மாதிரி இருக்கு" என்றார். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தாலும், பாசனத்தின் கடைசி முனையான கடைமடையில் இருக்கும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர நாளாகும். வந்து விழுகிற அந்தச் சத்தத்தை அறுபது வருஷமாகக் கேட்டவர் அவர்.

தொடர்கிறேன். இப்போது மகளுக்குச் சாப்பாடு போட வேண்டும்.

---

அக்கரைப்பேட்டை தம்பி எழுதியது:

அண்ணே, நிறுத்தாதீங்க, எழுதுங்க. எங்க வீட்லயும் 2004 உண்டு. ஆத்தாவைப் படிக்கும்போது தொண்டை அடைச்சிருச்சு.

ரெண்டு கேள்வி. காத்து எந்தப் பக்கம்? மீன் பிடிச்சீங்களா?

---

குடந்தை வெற்றிலை எழுதியது:

நாங்கள் போன வருஷம் அந்தமான் போனோம். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போகிற கப்பலில் என் சின்னவன் இரண்டு மணி நேரமும் வாந்திதான். அதனால் கேட்கிறேன், குழந்தைகளுக்கு எப்படி இருந்தது? குளியல், கழிப்பறை, சமையல் எல்லாம் எழுதுங்கள். எல்லோரும் சூரிய அஸ்தமனத்தைத்தான் எழுதுகிறார்கள், இதை யாரும் எழுதுவதில்லை.

---

திருமருகல் கடைமடை எழுதியது:

தம்பி, காற்று எப்போதும் கொண்டல்தான். கிழக்கிலிருந்து அட்லாண்டிக் முழுக்கக் கடந்து வருகிற காற்று. நம் ஊர் மாதிரி ஆடிக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று என்று மாறுவதில்லை. குளிர்காலத்தில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து வேகமாக, சித்திரையில் கொஞ்சம் தணிந்து, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே லே செந்த் போகும்போது காற்று இடது விலாவில், சுகமான ஓட்டம். அங்கிருந்து மரி கலாந்த் போகும்போது நேர் எதிர்க்காற்று. குறுக்கும் நெடுக்குமாக வெட்டி வெட்டிப் போக வேண்டும். 5 மணி நேரம் ஆனது. பயணத்தில் கஷ்டமான நாள் என்றால் அது ஒன்றுதான்.

குடந்தை அக்கா, அன்றைக்கு மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மகனுக்கு ஒன்றுமில்லை. வாந்தி வந்த பிறகு மாத்திரை கொடுத்துப் பயனில்லை, கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். உள்ளே படுக்க வைக்கக்கூடாது. வெளியே உட்கார்ந்து அடிவானத்தைப் பார்க்க வேண்டும், கையில் போன் கூடாது. சுக்கானைப் பிடிக்கக் கொடுத்ததும் மகளுக்குச் சரியாகிவிட்டது. கவனம் அதில் போய்விடுகிறது போல.

தண்ணீர்தான் பெரிய விஷயம். 300 லிட்டர் தொட்டி, எட்டுப் பேர். இரண்டாம் நாள் காலையிலேயே முள் பாதிக்குக் கீழே. பிள்ளைகள் வீட்டுக் குழாய் மாதிரி திறந்துவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அம்மா கூடத்தை விட்டு எழுந்து வந்தார். "கடைமடையில பொறந்துட்டு தண்ணி செலவழிக்கத் தெரியலையே" என்று சொல்லி ஓர் ஒழுங்கு வைத்தார். பாத்திரத்தைப் படகின் பின்படியில் உட்கார்ந்து கடல் தண்ணீரில் தேய்ப்பது, கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரை முதல் தட்டில் ஊற்றி, அதையே அடுத்த தட்டில், அதையே அடுத்ததில் என்று எட்டுத் தட்டும் அலசுவது. குளியலும் கடலில்தான், பிறகு ஆளுக்கு இரண்டு செம்பு. மறுபடி தொட்டி நிரப்பாமலே திரும்பினோம். மாலுமி அந்த டம்ளர் வித்தையை நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார்.

இன்னொன்று கவனித்தேன். கடலைப் பார்க்க மாட்டேன் என்றவர், பாத்திரம் தேய்க்க என்று காலைக் கடலில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

கழிப்பறையில் காகிதம் போடக்கூடாது, கை பம்பு அடிக்க வேண்டும். நமக்கு அது பெரிய சிரமமில்லை. சமையலுக்கு இரண்டடுப்பு கேஸ். 3 லிட்டர் குக்கர் ஊரிலிருந்தே எடுத்துப் போனோம். ரசம் சாதம், அப்பளம், துறையில் வாங்கிய மீன்.

மீன் பிடித்த கதை: தூண்டில் கயிறு இழுத்துக்கொண்டே போனோம். நல்ல சீலா ஒன்று விழுந்தது, ஒரு முழத்துக்கு மேல். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மாலுமி கழற்றிக் கடலில் விட்டுவிட்டார்! அந்தப் பக்கம் பவளப்பாறை மீன்களைத் தின்று வளர்கிற பெரிய சீலாவில் ஒரு விஷம் சேர்ந்திருக்குமாம். சிகுவடேரா என்கிறார்கள். கொதிக்க வைத்தாலும் போகாது. மீனைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அங்கே போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீனைத் துறையில் உள்ளூர் மீனவரைக் கேட்டே வாங்குங்கள்.

கோலா மீன் கூட்டம் கூட்டமாகப் படகுக்கு முன்னால் எழும்பிப் பறந்தது. ஒன்று மேல்தட்டிலேயே வந்து விழுந்தது. அம்மா, "நாகப்பட்டினத்துக் கோலா இங்கயும் வந்துருக்கே" என்றார்.

---

அக்கரைப்பேட்டை தம்பி எழுதியது:

சீலாவைக் கடல்ல விட்டாரா! எங்க அப்பா கேட்டா மனசு ஆறாது. ஆனா விஷம்னு தெரிஞ்சா சரிதான்.

கோலா நமக்கு வைகாசி, ஆனிதான். தழையைக் கட்டிக் கடல்ல மிதக்க விடுவோம், முட்டை போட அது அடியில வந்து கூடும், அப்படியே வாரிக்கலாம். எஞ்சின் வர்றதுக்கு முன்னாடி எங்க தாத்தா பாய் வச்சுத்தான் கோலாவுக்குப் போனாராம். ராத்திரி தங்கி மறுநாள் கரை. காத்தும் நீவாடும், அதான் கடல் நீரோட்டமும், பார்த்துத்தான் எல்லாம். இப்ப எங்க தெருவுல பாய் கட்டத் தெரிஞ்ச ஆளு ரெண்டு மூணு பேர்தான், எல்லாம் கிழவங்க. நீங்க எழுதினதைப் படிச்சதும் அவங்ககிட்ட உக்காந்து கேட்டு எழுதி வைக்கணும்னு தோணுது.

---

ஒரத்தநாட்டுக்காரர் எழுதியது:

நல்லா எழுதுறீங்க. ஆனா மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு செலவு பண்ணி அவ்வளவு தூரம் போகணுமா? முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்காதவன் நம்ம மாவட்டத்துலயே பாதிப் பேர். கோரையாற்றுல படகு ஏறி லகூனுக்குப் போற வழி முழுக்க ரெண்டு பக்கமும் மரம் கவிஞ்சு நிக்கும். கோடியக்கரையில மார்கழி, தை மாசம் பூநாரை வருது. மனோரா இருக்கு, சரபோஜி மன்னர் கட்டினது. தரங்கம்பாடியில டேனிஷ்காரன் 1620-ல கட்டின கோட்டை. இதெல்லாம் நம்ம பிள்ளைங்க பார்க்கட்டும் முதல்ல.

---

திருமருகல் கடைமடை எழுதியது:

நீங்கள் சொல்வது நியாயம். முத்துப்பேட்டைக்கு என் பிள்ளைகளை நான் இன்னும் கூட்டிப்போகவில்லை. அது என் குறைதான், வரும் தை மாதம் போகிறோம்.

செலவைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. படகு வாடகை அக்காவும் மாமாவும். அது மட்டும் வாரத்துக்கு 5,000 யூரோவுக்கு மேல். விமானச் சீட்டும் விசாவும் நாங்கள், நான்கு வருஷம் கட்டிய சீட்டுப் பணம். விசாவில் ஒன்று கவனியுங்கள். பாரிஸுக்கு எடுக்கும் ஷெங்கன் விசா குவாதலூப்புக்குச் செல்லாது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். ஒரே இடத்தில்தான் விண்ணப்பம், ஆனால் போகும் இடத்தைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பாரிஸ் ஒர்லியிலிருந்து விமானத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல். ஜூனிலிருந்து நவம்பர் வரை அங்கே புயல் காலம், நம் பள்ளி விடுமுறைக்கு ஏப்ரல் கடைசியே சரி.

ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். படகைத் திருப்பிக் கொடுத்தபோது, கரைக்குப் போய்வரும் சின்ன ரப்பர் படகின் எஞ்சின் விசிறியில் கீறல் என்று முன்பணத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் முதல் நாளே இருந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் படம் எடுத்து வைக்கவில்லை. எடுக்கும்போதே படகை மேலும் கீழும் வீடியோ எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.

இனி, ஏன் அவ்வளவு தூரம் என்பதற்கு வருகிறேன்.

லே செந்த்தில் இரண்டாம் இரவு. மிதவையில் படகைக் கட்டியிருந்தோம். மாலுமி அந்தத் தீவிலேயே பிறந்தவர், ஐம்பது வயது இருக்கும். அம்மா ஏன் கடலைப் பார்ப்பதில்லை என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். அக்கா பிரெஞ்சில் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கரையில் விளக்கு எரிகிற ஒரு பக்கத்தைக் காட்டி, "2004 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை" என்றார். அன்று அங்கே கடலுக்கடியில் 6.3 அளவில் நிலநடுக்கம். அவர் வீட்டுச் சுவர் பிளந்து, மாதக்கணக்கில் ஒவ்வொரு அதிர்வுக்கும் தெருவுக்கு ஓடினார்களாம். அடுத்த மாதம் டிவியில் நம் கரையைப் பார்த்தபோது அவருடைய அம்மா எழுந்து போய்விட்டாராம், பார்க்க முடியாமல்.

அக்கா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அவங்க அம்மா இருக்காங்களா?" என்றார். இருக்கிறார், அந்த விளக்குக்குப் பக்கத்து வீடு. மறுநாள் காலை ரப்பர் படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பாட்டி தேங்காய் மிட்டாய் கொடுத்தார். அம்மா தன் நார்த்தங்காய் டப்பாவையே கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

திரும்பும்போது அம்மா ரப்பர் படகின் முன்னால் உட்கார்ந்து வந்தார்.

---

மயிலாடுதுறை ஆசிரியர் எழுதியது:

ஐயா, மனம் நிறைந்து படித்தேன். ஒரு கேள்வி. பிள்ளைகள் இரவில் வானம் பார்த்தார்களா? நான் பூகோளம் நடத்தியவன், அந்த ஆர்வத்தில் கேட்கிறேன்.

---

திருமருகல் கடைமடை எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டது மகளுக்கு மகிழ்ச்சி. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் பத்துப் பாகை என்று அவள் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். நம் ஊர் மொட்டைமாடியில் துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டி உயரம், அதுவும் தென்னை மறைக்கும். அங்கே அணியத்தில் படுத்துக்கொண்டு அளந்தாள், ஒன்றரை முஷ்டி. நாம் 11 பாகை, அது 16 பாகை. "அப்பா, நாம எவ்வளவு வடக்கே வந்திருக்கோம்னு கையிலயே தெரியுது" என்றாள்.

---

மயிலாடுதுறை ஆசிரியர் எழுதியது:

அருமை. அந்தக் குழந்தையிடம் இதையும் சொல்லுங்கள். காரைக்காலில் கப்பலேறியவர்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் போனார்கள். முதல் கூட்டம் குவாதலூப் போன 1854-ல் சூயஸ் கால்வாய் கிடையாது, அது 1869-ல்தான் திறந்தது. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் துருவ நட்சத்திரம் கண்ணில் படாமல் போயிருக்கும். வாரக்கணக்கில் தெரியாது. பிறகு அட்லாண்டிக்கில் வடக்கே ஏறிவரும்போது ஒரு நாள் மறுபடி அடிவானத்தில் எழுந்திருக்கும், கடைசியில் ஊரில் பார்த்ததைவிட உயரமாக. நாற்று நட்டுவிட்டு விடியலில் நட்சத்திரம் பார்த்து நேரம் சொன்ன சனங்கள் அவர்கள். அதை அவர்கள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

---

காரைக்கால் பேரன் எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாக வீட்டில் சத்தமாகப் படிக்கிறோம். எங்கள் தாத்தாவின் பெரியம்மா ஒருவர் "தீவுக்குப் போனவர்" என்று மட்டும் வீட்டில் பேச்சு உண்டு. எந்தத் தீவு என்று யாருக்கும் தெரியாது. ரீயூனியனா, மார்த்தினிக்கா, குவாதலூப்பா? அங்கே நம் ஆட்களின் அடையாளம் ஏதாவது பார்த்தீர்களா?

---

திருமருகல் கடைமடை எழுதியது:

அதற்காகவே கடைசி நாளைக் கரையில் வைத்தோம். கபெஸ்டெர் என்ற ஊரில் ஷாங்கி என்னுமிடத்தில் மாரியம்மன் கோயில். சாலையிலிருந்தே கோபுரத்துச் சுதைச் சிற்பம் பளிச்சென்று தெரியும். சுற்றிலும் வாழை. வண்டியை விட்டு இறங்கியதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார், அது நம் ஊர்தான் என்கிற மாதிரி.

அவர்கள் மாரியம்மனை "மாலியெமின்" என்கிறார்கள். மதுரைவீரன் "மல்தெவிலின்". மத்தளம் "மத்தாலோன்". பொருள் தேய்ந்து ஓசை மட்டும் நூற்றெழுபது வருஷம் நின்றிருக்கிறது. சாப்பாட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு, பெயர் "கொலம்போ". மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு எல்லாம் இருக்கிறது, காரம் குறைவு.

1854 டிசம்பர் 24-ல் ஒரேலி என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. 1848-ல் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல், ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கொண்டுபோனார்கள். 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர். பாண்டிச்சேரியும் காரைக்காலும்தான் முக்கியமாகக் கப்பலேறிய துறைகள். ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர்கள் குறைவு. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூட ஓட்டு இல்லை என்ற நிலையில், கபெஸ்டெர்காரரான ஆன்றி சிதம்பரம் 1904-ல் வழக்கைத் தொடங்கி, 1923-ல்தான் குடியுரிமை கிடைத்தது. பத்தொன்பது வருஷம் நடந்திருக்கிறார் மனிதர். பிறகு எர்னஸ்ட் முத்துசாமி 1981-லிருந்து 2002 வரை பாரிஸ் நாடாளுமன்றத்தில் குவாதலூப் உறுப்பினர். இந்தப் பெயர்களை நம் பாடப்புத்தகத்தில் நான் படித்ததில்லை. படித்திருக்க வேண்டும்.

மரி கலாந்தில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. இரண்டு மாடு பூட்டிய வண்டியில் கரும்பு ஏற்றிப் போனார்கள். மகன் கையாட்ட, வண்டிக்காரர் நிறுத்தி ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அம்மா அந்த மாட்டின் கொம்பைத் தடவிக்கொண்டு நின்றார். அந்தக் கரும்புக் கொல்லையைப் பார்த்தபோதுதான், எங்கள் ஊர்ப் பஞ்ச காலத்தில் எத்தனை பேர் வயிற்றுக்காக இப்படி ஏறியிருப்பார்கள் என்று எனக்கு உறைத்தது. கடல் வழியாகப் போனதால்தான் உறைத்தது. விமானத்தில் போய் ஓட்டலில் தங்கியிருந்தால் அந்தத் தூரம் எனக்கு உடம்பில் தெரிந்திருக்காது. ஒரத்தநாட்டு அண்ணே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

பேரனுக்கு: பிரான்ஸில் எக்ஸ் ஆன் ப்ரோவான்ஸ் நகரில் கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகம் இருக்கிறது. காரைக்கால், குவாதலூப் இரண்டின் பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள், இலவசம். பெரியம்மாவின் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் தெரிந்தால் தேடலாம். பிரெஞ்சு எழுத்தில் நம் பெயர்கள் உருமாறி இருக்கும், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மாமா உதவுவதாகச் சொல்கிறார், தனிச் செய்தி அனுப்புங்கள்.

---

காரைக்கால் பேரன் எழுதியது:

அனுப்பிவிட்டேன் அண்ணா. ஊர் நெடுங்காடு. அப்பா பெயர் தெரியாது, ஆனால் பழைய கிரயப் பத்திரம் ஒன்று அத்தை வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

---

ஒரத்தநாட்டுக்காரர் எழுதியது:

பதில் கிடைச்சது தம்பி. முத்துப்பேட்டை போகும்போது சொல்லுங்க, நானும் பேரப் பிள்ளைங்களோட வர்றேன். காலையில சீக்கிரம் போகணும், வெயில் ஏறினா பறவை இருக்காது.

---

அக்கரைப்பேட்டை தம்பி எழுதியது:

அண்ணே, ஆத்தா இப்ப எப்படி இருக்காங்க? வைகாசி பாதியில எங்க கரையில கோலா இறங்கும். விடிய்ய நாலு மணிக்கு வந்தா படகு வந்து சேர்றதைப் பார்க்கலாம். கரையில நின்னா போதும். எங்க அம்மாவும் இருப்பாங்க.

---

திருமருகல் கடைமடை எழுதியது:

இப்போதுதான் அம்மாவிடம் படித்துக் காட்டினேன் தம்பி. கொஞ்ச நேரம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நாலு மணிக்குன்னா இங்கேர்ந்து மூணுக்கே கிளம்பணுமே" என்றார்.